மாட்டினது என்ன... கழட்டினது என்ன?

புது பைக் டெலிவரி எடுக்குற நாளைக் கவனிச்சிருக்கீங்களா பாஸ்? ஷோரூம் வாசல்ல மாலை, சந்தனம், குங்குமம், முன்சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம். அப்பா பயபக்தியோடு கற்பூரம் காட்டுவார். அம்மா, 'மெதுவாப் போடா' என்பதை அன்றைக்குப் பத்தாவது தடவையாகச் சொல்வார். பழம் நசுங்கின ஈரம் காயுறதுக்குள்ள நம்ம ஹீரோவோட வண்டி போய் நிற்கிற இடம்... எதிர்த் தெரு மெக்கானிக் கடை!

"அண்ணே, முதல்ல இதைக் கழட்டிடுங்க."

'இது' என்றால் பின்சக்கரத்தின் இடது பக்கம் கம்பி கம்பியாக இருக்குமே, அந்தச் சேலை கார்டு. சில போல்ட்டு, சில நிமிஷம், வேலை முடிஞ்சது. வண்டி சட்டென்று ரெண்டு வயசு குறைஞ்ச மாதிரி தெரியும். 'அங்கிள் லுக்' போய் 'ரேஸ் லுக்' வந்தாச்சு. அதே கையோடு கைப்பிடியும் போகும். ரெண்டு கண்ணாடியில் ஒண்ணு போகும். நம்பர் பிளேட் மடங்கும்.

அப்படியே எதிர்ப்பக்கம் பாருங்க. கார் வாங்குற குடும்பம். அவங்க எதையும் கழட்டுறதில்லை. மாட்டுறாங்க! முன்னாடி ஒரு இரும்புக் குழாய் பம்பர், பின்னாடி ஒண்ணு, பக்கத்துக்கு ஒண்ணு, மேல ஒரு கேரியர். வண்டியைப் பார்த்தால் கல்யாணத்துக்கு நகை மாட்டின மாதிரி இருக்கும்.

இதில் விசேஷம் என்னவென்றால், நம்ம பசங்க முதல் நாளே கழட்டுற பொருள் சட்டப்படி இருந்தே ஆகணும். அப்பாக்கள் ஆசை ஆசையாக மாட்டுற பொருள் சட்டப்படி இருக்கவே கூடாது. அப்படியே தலைகீழ்!

ஜி.பி. ரோடு போலாம் ரைட்!

சென்னையில் வண்டிக்கு நகை வாங்கணும்னா ஒரே இடம்தான். அண்ணா சாலையில் இருந்து உள்ளே திரும்புற ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. 'ஜி.பி. ரோடு' என்றால்தான் ஆட்டோக்காரருக்கே புரியும். பழைய பாகம் என்றால் புதுப்பேட்டை, புதுப் பளபளப்பு என்றால் ஜி.பி. ரோடு. இதுதான் சென்னைக்காரங்க வகுத்து வைத்திருக்கும் எல்லைக்கோடு.

கடை வாசலில் நின்றாலே போதும். மட் ஃப்ளாப், டோர் வைசர், க்ரோம் பட்டை, ரூஃப் ரெயில், அலாய் வீல், ஃபாக் லேம்ப், ஹாரன்... கண்ணைப் பறிக்கும். எது எதுக்கு என்று தெரியாமலே எல்லாம் வேணும்போல இருக்கும். பக்கத்தில் நிற்கிற நண்பன் வேற, "மாப்ள, இதை மட்டும் போட்டேன்னு வெச்சுக்கோ..." என்று ஆரம்பிப்பான். அவன் சொத்தா போகுது?

எல்லாத்தையும் குத்தம் சொல்ல வரலை. மட் ஃப்ளாப் நல்ல பொருள். மழைநாளில் பின்னாடி வர்ற ஸ்கூட்டர்காரர் முகத்தில் சேறு அடிக்காமல் காப்பாத்தும். டோர் வைசர் இருந்தால் தூறலிலும் கண்ணாடியை இத்தனூண்டு இறக்கிக்கலாம். ஆனால் பானெட் மேல் பசை போட்டு ஒட்டுறாங்களே 'ஏர் ஸ்கூப்'? உள்ளே ஓட்டையே கிடையாது, காற்று எங்கே இருந்து போகும்? மூக்கே குத்தாமல் மூக்குத்தி ஒட்டின கதைதான்.

ஸ்பாய்லர் கதை இன்னும் ஜோர். ரேஸ் காரில் பின்னாடி இருக்கிற அந்த இறக்கை, காற்றோட உதவியால் வண்டியைத் தரையோடு அழுத்தும். அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 240 கிலோமீட்டர் வேகத்தில் கிடைக்கிற அழுத்தத்தில், 60-ல் போகும்போது கிடைப்பது பதினாறில் ஒரு பங்கு. நம்ம அண்ணா சாலை டிராஃபிக்கில் 20-ல் போகும்போது? நூற்று நாற்பத்து நாலில் ஒரு பங்கு! ஒரு காக்கா வந்து உட்கார்ந்தால் அதைவிட அதிகமாக அழுத்தும். இன்னொரு கூத்து, நம்ம ஊர் சின்ன கார்கள் பெரும்பாலும் முன்சக்கரத்தால் இழுக்கப்படுபவை. சக்தி போறது முன்னாடி, இறக்கை அழுத்துறது பின்னாடி. சரி, அழகுக்குப் போடுறேன்னு சொன்னா விட்டுடலாம். 'பெர்ஃபார்மன்ஸ்' என்று மட்டும் சொல்லாதீங்க பாஸ்.

இதெல்லாம் சிரிச்சுட்டுப் போற விஷயம். அந்த இரும்பு பம்பர் அப்படி இல்லை.

காளை வந்த கதை

'புல் பார்', 'கிராஷ் கார்டு', 'பம்பர் கார்டு'... பெயர் எதுவானாலும் ஆள் ஒண்ணுதான். பிறந்த வீடு ஆஸ்திரேலியா. அங்கே இதை 'ரூ பார்' என்றும் சொல்வாங்க. 'ரூ' என்றால் கங்காரு. ராத்திரியில் ஹெட்லைட்டைப் பார்த்து எண்பது கிலோ எடையுள்ள கங்காரு குறுக்கே பாய்ந்தால், ரேடியேட்டர் உடைந்து வண்டி அங்கேயே நிற்கும். அடுத்த ஊர் இருநூறு கிலோமீட்டர் தள்ளி. தண்ணி கிடையாது, ஆள் கிடையாது, வெயில் கொளுத்தும். அந்த இடத்தில் ரேடியேட்டரைக் காப்பாத்துறது உயிரைக் காப்பாத்துறதுதான். அதனால் போட்டாங்க. 1975-ல் தொடங்கின ஏ.ஆர்.பி. என்ற ஆஸ்திரேலிய நிறுவனம் இதையே பெரிய தொழிலாக்கி உலகம் பூராவும் கொண்டு போனது.

நம்ம ஊருக்கு எப்படி வந்தது? கங்காரு எதுவும் கள்ளத்தோணி ஏறி வரலை. ஜீப்பு, சுமோ, ஸ்கார்பியோ என்று பெரிய வண்டிகள் பெருகின தொண்ணூறுகளிலும் அதுக்கு அடுத்த வருஷங்களிலும் முரட்டு லுக் ஒரு கௌரவமாச்சு. நம்ம சினிமாவில் வில்லன் கோஷ்டி வருதுன்னா அஞ்சு சுமோ, அஞ்சுக்கும் முன்னாடி இரும்பு. அரசியல் கார் என்றால் இரும்பு பிளஸ் கொடிக்கம்பி. கம்பெனி டீலர்களே ஆக்சஸரி லிஸ்ட்டில் வெச்சு வித்த காலம் அது. அப்புறம் சின்ன கார்களுக்கும் பரவி, ஆல்ட்டோவுக்கெல்லாம் இரும்பு மீசை முளைச்சுது.

'நம்ம ஊர்லயும் மாடு குறுக்கே வருதே பாஸ்?' வருது. ஆனால் திண்டிவனம் பைபாஸில் ரேடியேட்டர் உடைஞ்சா நீங்க பாலைவனத்தில் சாகப் போறதில்லை. அரை மணி நேரத்தில் ஒரு மெக்கானிக், அதுக்கு முன்னாடியே ஒரு டீக்கடை. போதாததுக்கு நம்ம ரோட்டில் மாட்டுக்குப் பக்கத்துலயே மாட்டுக்காரரும் நடப்பார்.

நசுங்கணும் பாஸ், நசுங்கணும்!

இப்போ கொஞ்சம் பிஸிக்ஸ். ஓடிடாதீங்க, பிளஸ் டூ லெவல்தான்.

பழைய அம்பாஸடரைப் பார்த்துட்டு, "அந்தக் காலத்து வண்டி என்ன ஸ்ட்ராங்கு தெரியுமா? இப்போ வர்றதெல்லாம் தகர டப்பா. தட்டினா நசுங்குது" என்று சொல்லாத தாத்தா கிடையாது. தாத்தா சொன்னதில் பாதி சரி. இப்போ வர்ற கார் நசுங்கத்தான் செய்யும். அது நசுங்கணும் என்றுதான் அப்படிக் கட்டியிருக்காங்க.

மெர்சிடிஸ் பென்ஸில் பேலா பாரேனி என்று ஒரு இன்ஜினீயர். 1950-களின் தொடக்கத்தில் ஒரு யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார். வண்டியின் நடுவில் ஆள் இருக்கிற கூண்டு உறுதியாக இருக்கணும். முன்பக்கமும் பின்பக்கமும் மோதும்போது மடங்கிக் கொடுக்கணும். 1959-ல் அந்த மாதிரி வண்டி ரோட்டுக்கு வந்தது. இன்னைக்கு 'கிரம்பிள் ஸோன்' என்று சொல்றது அதைத்தான்.

கணக்குப் போடலாமா? மணிக்கு 50 கிலோமீட்டரில் போற கார் ஒரு சுவரில் மோதுது. முன்பக்கம் 60 சென்டிமீட்டர் நசுங்கி வண்டி நின்றால், பெல்ட் போட்டு உள்ளே இருக்கிறவர் மேல் சராசரியாக அவர் எடையைப் போல் 16 மடங்கு விசை. அறுபது கிலோ ஆசாமி என்றால், ஒரு டன் எடை நெஞ்சை அழுத்துற மாதிரி. வலிக்கும், ஆனால் பிழைக்க வழி இருக்கு. அதே வண்டி 20 சென்டிமீட்டருக்குள் நின்றுவிட்டால்? 49 மடங்கு! கிட்டத்தட்ட மூணு டன். வண்டிக்கு அடி குறைச்சல், ஆளுக்கு அடி ஜாஸ்தி. அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த மடங்குற பகுதிக்கும் முன்னாடி ஒரு இரும்புக் குழாயை வெச்சு, அதைச் சட்டத்தோடு போல்ட் போட்டு முறுக்கினால் என்ன ஆகும்? எது எந்த வரிசையில் எவ்வளவு மடங்கணும் என்று கம்பெனிக்காரன் வருஷக்கணக்கா மோதி மோதிப் பார்த்து வெச்ச கணக்கு கலைஞ்சு போகும். அடி நேராகச் சட்டத்துக்குப் போகும்.

கூடவே ஏர்பேக். மோதல் எவ்வளவு பலமானது என்பதைச் சென்சார் கண்டுபிடிச்சு, பை ஊதி முடிய ஆகிற நேரம் நொடியில் நூற்றில் மூணு பங்கு அளவுதான். நீங்க கண் சிமிட்ட அதைவிட மூணு மடங்குக்கு மேல நேரம் வேணும். அவ்வளவு நுணுக்கமான டைமிங். வண்டி எப்படி வேகம் குறையுது என்பதை வெச்சுத்தான் சென்சார் முடிவெடுக்குது. இரும்பு பம்பர் அந்தக் குறையுற விதத்தையே மாத்திடும். பை ஒரு கண் சிமிட்டல் தாமதமாக விரிஞ்சா, முகம் ஏற்கெனவே ஸ்டீயரிங்கில் இருக்கும். 2019 ஜூலைக்கு அப்புறம் தயாரான எல்லா கார்களிலும் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம். அதாவது காசு கொடுத்து வாங்கின ஏர்பேக்கை, இன்னொரு காசு கொடுத்துக் குழப்பி விடுறோம்.

சரி, அது உள்ளே இருக்கிறவர் தலையெழுத்து. வெளியே நடந்து போறவர் என்ன பாவம் செய்தார்? இப்போதைய காரின் முன்பக்கம் பிளாஸ்டிக் தோல், அதுக்குப் பின்னாடி மெத்து. ஒரு ஆள் மேல் மோதினால் காலில் அடிபட்டு, ஆள் பானெட் மேல் விழணும், பானெட் கொஞ்சம் குழியணும். இதுவும் கணக்குப் போட்டுச் செய்ததுதான். இரும்புக் குழாய் குழியுமா? பெரியவருக்கு அது தொடை உயரம். ஏழு வயசுக் குழந்தைக்கு, எஸ்.யு.வி. பம்பரின் மேல் குழாய் எந்த உயரத்தில் வரும் என்று நீங்களே ஒரு தடவை பக்கத்தில் நிறுத்திப் பாருங்க.

ரோல்ஸ்-ராய்ஸ் காரின் மூக்கில் ஒரு தேவதை பொம்மை நிற்குமே, தெரியுமா? 1911-லிருந்து நிற்குது. சின்னதுதான். ஆனால் 1974-ல் ஐரோப்பாவில் ஒரு விதி போட்டாங்க. காரின் வெளிப்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற எதுவும் ஆளைக் குத்தக்கூடாது. இன்றைய ரோல்ஸ்-ராய்ஸில் அந்தத் தேவதை இடிபட்டால் சட்டென்று உள்ளே இறங்கிக்குது. பென்ஸ் நட்சத்திரம் தட்டினால் சாயுது. அதே ஐரோப்பா 2005-ல் புல் பாருக்கும் பாதசாரி பாதுகாப்புச் சோதனை வெச்சது. வெறும் இரும்புக் குழாய் அதில் எங்கே பாஸாகும்? கோடீஸ்வரன் கார் தேவதையே தலை குனியுது. நம்ம தெருவில் காளை மட்டும் கொம்பை நீட்டிக்கிட்டே நிற்குது.

ஆர்.சி. புத்தகம் என்ன சொல்லுது?

2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதியது. கிராஷ் கார்டு, புல் பார் மாட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுக்கு விரோதம், நடவடிக்கை எடுங்க என்று. இதை எதிர்த்து வழக்கு நடந்து, 2021-ல் சென்னை உயர் நீதிமன்றமும் தடையில் தலையிடவில்லை.

அந்த 52-வது பிரிவுதான் இந்த மொத்தக் கதைக்கும் மூலக்கதை. கம்பெனிக்காரன் தயாரிச்சபோது வண்டிக்கு என்ன விவரம் சொன்னானோ, அதிலிருந்து மாறுபடும்படி ஓனர் மாத்தக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில் இதையே அழுத்திச் சொன்னது. அதே வருஷம் சட்டத்தைத் திருத்தி அபராதத்தையும் ஏத்தினாங்க. அனுமதி இல்லாத மாற்றத்துக்கு ஆறு மாசம் வரை ஜெயில், அல்லது ஐயாயிரம் ரூபாய், அல்லது ரெண்டும். அந்த ஐயாயிரம், 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்'! ஜி.பி. ரோட்டில் செலவு பண்ணினதைவிட ஜாஸ்தியாகப் போயிடும். (பைக்கில் கம்பெனியே போட்டுக் கொடுக்கிற லெக் கார்டைப் பத்தி இங்கே பேசலை. பயப்படாதீங்க.)

மத்ததையும் வேகமாகப் பார்த்துடலாம். சைலன்சரை மாத்தி 'டப் டப்' என்று தெருவை எழுப்புறவங்களுக்கு: சத்தத்தில் 10 டெசிபல் கூடினால் சக்தியில் பத்து மடங்கு. பத்து பைக் சேர்ந்து போற சத்தத்தை ஒரே ஆளாக எழுப்புற சாதனை. சத்தம், புகை விதியை மீறினால் பத்தாயிரம் ரூபாய் வரை போகும், மூணு மாசம் லைசென்ஸும் போகும். பல ஊர்களில் போலீஸ் பறிமுதல் பண்ணின சைலன்சர்களை வரிசையாக அடுக்கி, மேலே ரோடு ரோலரை ஏத்தினதை டி.வி.யில் பார்த்திருப்பீங்க. கண்ணாடி ஃபிலிம் விஷயத்தில் 2012-ல் உச்ச நீதிமன்றம் மொத்தமாகத் தடை போட்டது. அப்புறம் விதி மாறி, 2024-ல் கேரள உயர் நீதிமன்றம், தரச்சான்று உள்ள ஃபிலிம் குறிப்பிட்ட அளவுக்கு வெளிச்சம் விட்டால் போடலாம் என்றது. அந்த அளவு முன், பின் கண்ணாடிக்கு 70 சதவிகிதம், பக்கக் கண்ணாடிக்கு 50. ஆகவே கன்னங்கரேல் என்று ஒட்டினால் இன்னைக்கும் மாட்டத்தான் செய்வீங்க. நம்பர் பிளேட்டில் காதலி பேரை எழுதுற கலை, 2019 ஏப்ரலில் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு பிளேட் கட்டாயமானதோடு முடிஞ்சு போச்சு. ரெண்டு பேருக்கும் நல்லது.

லாரிக்கு வாலும் ஸ்கூட்டருக்குக் காலும்

வெளியே மாட்டுற எல்லாமே வில்லன் இல்லை. நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னாடி போகும்போது கீழே ஒரு குறுக்கு இரும்புச் சட்டம் தெரியுமே, அதைக் கவனிங்க. 1967 ஜூன் மாதம் அமெரிக்காவில் ஜேன் மேன்ஸ்ஃபீல்ட் என்ற ஹாலிவுட் நடிகை போன கார், இரவில் ஒரு டிரெய்லரின் பின்னாடி மோதியது. கார் தாழ்வு, டிரெய்லர் உயரம். கார் அடியில் புகுந்துவிட்டது. முன்சீட்டில் இருந்த மூணு பேரும் பிழைக்கவில்லை. பின்சீட்டில் இருந்த அவருடைய குழந்தைகள் பிழைத்தார்கள். டிரெய்லருக்குப் பின்னாடி போடுற அந்தச் சட்டத்துக்கு அமெரிக்காவில் இன்னைக்கும் 'மேன்ஸ்ஃபீல்ட் பார்' என்றுதான் பேர்.

நம்ம ஊரிலும் லாரிக்குப் பின்னாடியும் பக்கவாட்டிலும் தடுப்பு கட்டாயம். நாமக்கல் பக்கம் பாடி கட்டுற பட்டறைகளில் இதை வெல்டிங் வைக்கிறதைப் பார்க்கலாம். காரின் இரும்பும் இரும்புதான், லாரியின் இரும்பும் இரும்புதான். ஒண்ணு மோதலைக் கடுமையாக்குது. இன்னொண்ணு காரின் கிரம்பிள் ஸோன் வேலை செய்ய ஒரு சுவர் கொடுக்குது. அந்தச் சட்டம் வளைஞ்சு, துருப்பிடிச்சு, கயிறு கட்டித் தொங்குற லாரியைப் பார்த்தால் கொஞ்சம் தள்ளியே போங்க பாஸ்.

அப்புறம் நம்ம காலேஜ் ஸ்டாண்டிலேயே ஒரு மாற்றம் நிற்கும், யாரும் 'மாடிஃபிகேஷன்' என்று பெருமை பேசாத ஒண்ணு. ஸ்கூட்டரின் பின்சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கூடுதலாக ரெண்டு சக்கரம். மாற்றுத்திறனாளி நண்பர்களின் வண்டி. தமிழக அரசே இப்படி இணைப்புச் சக்கரம் பொருத்தின ஸ்கூட்டர்களைக் கொடுக்குது. 52-வது பிரிவு இவ்வளவு கறாரா இருந்தும், அனுமதி வாங்கி இந்த மாதிரி வண்டியை மாத்திக்கொள்ளத் தனியாக வழி வைத்திருக்கிறது. பஸ் படியை நம்பி வாழ்ந்த ஒருத்தர், காலேஜுக்கும் கோச்சிங் கிளாஸுக்கும் கடற்கரைக்கும் தானே போய் வர்றார். ஜி.பி. ரோடு முழுக்கத் தேடினாலும் இதைவிட கெத்தான ஆக்சஸரி கிடைக்காது.

நானும் கழட்டினவன்தான்

இப்போ அந்தச் சேலை கார்டுக்கு வருவோம். மத்திய மோட்டார் வாகன விதி 123. பின்னாடி ஆள் உட்கார்கிற பைக் என்றால் மூணு விஷயம் இருக்கணும்: பிடிச்சுக்கக் கைப்பிடி, கால் வைக்க இடம், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கிற ஒரு தடுப்பு. எதுக்கு? உட்கார்ந்திருப்பவர் துணி சக்கரத்தில் சிக்காமல் இருக்க. விதியே காரணத்தையும் சேர்த்துச் சொல்லிடுது.

துணி சக்கரத்தில் சிக்குவது நம்ம ஊர்ப் பிரச்னை மட்டும் இல்லை. இஸடோரா டங்கன் என்ற உலகப் புகழ்பெற்ற நடனக் கலைஞர், 1927 செப்டம்பரில் பிரான்ஸின் நீஸ் நகரத்தில் ஒரு திறந்த காரில் ஏறினார். கழுத்தில் நீளமான பட்டு ஸ்கார்ஃப். கார் கிளம்பியதும் அது பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. அத்தோடு முடிந்தது. இந்த மாதிரி விபத்துக்கு டாக்டர்கள் 'லாங் ஸ்கார்ஃப் சிண்ட்ரோம்' என்றே பேர் வைத்திருக்கிறார்கள். துப்பட்டா போடுற நாட்டில் இந்தப் பேர் நமக்கு இன்னும் நல்லாத் தெரிஞ்சிருக்கணும்.

40 கிலோமீட்டர் வேகத்தில் பைக் சக்கரம் ஒரு நொடிக்கு ஆறு தடவை சுத்தும். ஒரு சுத்துக்கு அரை மீட்டர் துணி உள்ளே போனால்கூட ஒரே நொடியில் மூணு மீட்டர். துப்பட்டாவின் மொத்த நீளமே அவ்வளவு இருக்காது. 'ஏய் நிறுத்து' என்று கத்துறதுக்குள் கழுத்துக்கு வந்துடும்.

எனக்கு இந்தக் கணக்கு அப்போ தெரியாது. செகண்ட் இயரில் வாங்கின பைக். முதல் வாரமே கார்டு கழண்டது. பின்சீட்டில் உட்காரப் போறது பசங்கதானே, ஜீன்ஸ் எங்கே சிக்கும்? இதுதான் லாஜிக். மூணு மாசம் கழித்து ஊரிலிருந்து அம்மா வந்தார். பஸ் ஸ்டாண்டில் இருந்து ரூமுக்கு, ரெண்டு கிலோமீட்டர்கூட இல்லை. ஒருபக்கமாக உட்கார்ந்தார். ஒரு கை என் தோளில். இன்னொரு கையில் முறுக்கு டப்பா. பிடிக்கக் கைப்பிடிதான் இல்லையே!

ஸ்டாண்டைத் தாண்டி வலது பக்கம் திரும்பினேன். பின்னாடி இருந்து யாரோ இழுத்த மாதிரி வண்டி ஒரு உலுக்கு. தோளில் இருந்த கை காணோம். திரும்பிப் பார்த்தால் அம்மா ரோட்டில். புடவைத் தலைப்பு சக்கரத்துக்குள். அப்பவும் முறுக்கு டப்பாவை விடலை.

ஃபர்ஸ்ட் கியர் என்பதால் தப்பிச்சோம். முழங்கையில் ரத்தம், அரைப் புடவை கிழிசல், கிரீஸ். பக்கத்துப் பூக்கடை அக்கா ஓடிவந்து தன் துண்டை எடுத்து அம்மா மேல் போர்த்தினார். ஒரு ஆட்டோக்காரர் பிளேடு வைத்து ஸ்போக்கில் சுற்றியிருந்த துணியை அறுத்துக்கிட்டே, என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கார்டு எங்க தம்பி?" என்றார். நான் எதுவும் சொல்லலை. அம்மாதான், "புது வண்டி, கம்பெனியில குடுக்கலையாம்" என்றார். நான் அப்படி ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவரே எனக்காக ஒரு பொய்யைத் தயார் பண்ணிட்டார்.

மறுநாள் காலை மெக்கானிக் கடை. கடை மூலையில் பழைய டயர்களுக்குப் பின்னாடி ஒரு சின்ன மலை மாதிரி குவிஞ்சு கிடந்தது. எல்லாம் கழட்டின சேலை கார்டு. அத்தனையும் கிட்டத்தட்ட புதுசு. சிலதில் ஷோரூம் பிளாஸ்டிக் கவர்கூடக் கிழியலை.

"திரும்ப மாட்டணும்ணே."

மெக்கானிக் அண்ணன் கையைத் துடைச்சுக்கிட்டே சிரிச்சார். "என்ன தம்பி, கல்யாணமா?"

"இல்லண்ணே. அம்மா வந்திருக்காங்க."

குவியலுக்குள் கையை விட்டு ஒண்ணை உருவினார். யார் வண்டியோடதுன்னு அவருக்கே தெரியாது. வெச்சுப் பார்த்தார். பொருந்திடுச்சு.